பல்லும் வியர்வையும் – ஒரு ஜீனின் கதை

பங்குனி பிறந்துவிட்டால் நம் மரக்காணத்து உப்பளங்களில் வேலை மும்முரமாகிவிடும். பாத்திகளில் நிற்கும் நீரின் மேல் வெயில் பட்டு, அந்த வெண்மை கண்ணைப் பறிக்கும். உப்பு வாரும் தாய்மாரும் தந்தையரும் காலை எட்டு மணிக்கெல்லாம் வியர்வையில் நனைந்து நிற்பார்கள். வியர்வையை நாம் பெரும்பாலும் ஒரு தொல்லையாகவே நினைக்கிறோம். ஆனால் பாத்தியில் உப்பு விளைவதும், வரப்பில் நிற்பவரின் உடல் குளிர்வதும் ஒரே செயலால்தான். இரண்டு இடத்திலும் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பாத்தியில் மிஞ்சுவது உப்பு. நம் தோலிலும் மிஞ்சுவது உப்புதான். நாவால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வெயிலில் வியர்வையே சுரக்காத ஒரு சிறுவன் நின்றால் அவன் கதி என்ன? சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் அனலாகக் கொதிக்கும். காய்ச்சல் என்று எண்ணிப் போர்வையைப் போர்த்திவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். இப்படிப்பட்ட குழந்தைகள் உண்மையாகவே பிறக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்து பார்த்தால் மற்றொரு விந்தை தெரியும்: பற்கள் மிகக் குறைவு, இருக்கிற முன்பற்களும் ஆணியைப் போலக் கூராக இருக்கும். தலைமயிரும் மெல்லியதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். பல்லுக்கும் வியர்வைக்கும் மயிருக்கும் என்ன உறவு? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இந்தக் குறையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று நம் இந்திய மண்ணிலிருந்தே கிடைத்தது. சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் தோன்றும் மாறுபாடுகளைப் பற்றி எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு 1875ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில், அன்று பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஸிந்துப் பகுதியில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறார். வெட்டர்பர்ன் என்பவர் அவருக்குத் தெரிவித்த செய்தி அது. நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இரண்டு தாடைகளிலும் சேர்த்து நான்கு சிறிய முன்பற்களும் எட்டுக் கடைவாய்ப் பற்களும் மட்டுமே இருந்தன. உடம்பில் மயிர் மிகக் குறைவு. இளம் வயதிலேயே வழுக்கை. கோடையில் தோல் வறண்டு மிகவும் துன்பப்பட்டார்கள்.

இதில் டார்வினை வியக்க வைத்தது பல்லின் எண்ணிக்கை அன்று. அந்த வீட்டுப் பெண்களுள் ஒருவருக்கும் இக்குறை இல்லை. ஆனால் அப்பெண்கள் பெற்ற ஆண் பிள்ளைகளுக்கு அது வந்தது. குறையுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததாக ஒரு செய்தியும் இல்லை. தாத்தாவிடமிருந்து, எந்தக் குறையும் தெரியாத மகள் வழியாக, பேரனுக்கு வந்து சேர்கிறது! இதை உன்னிப்பாகக் கவனித்து எழுதி வைத்தாரே தவிர, காரணத்தைச் சொல்ல டார்வினால் முடியவில்லை. விடையின் திறவுகோல் அப்போதே அச்சாகி இருந்தது. கிரிகோர் மெண்டல் என்ற துறவி மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட விதிகள் 1866ஆம் ஆண்டே வெளிவந்திருந்தன. உலகம் அதை 1900 வரை கவனிக்கவில்லை.

பிறகு 1921ஆம் ஆண்டு, தடானி என்ற நம் நாட்டு அறிஞர் ஸிந்துவில் வாழ்ந்த இந்தப் பல்லில்லா மனிதர்களைப் பற்றி அமெரிக்க மரபியல் இதழ் ஒன்றில் எழுதினார். அதற்குள் மெண்டலின் விதிகளும், ஆண் பெண் வேறுபாட்டை உண்டாக்கும் குரோமோசோம்களும் தெரிந்துவிட்டன. பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு இது நினைவிருக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள்; ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். தந்தை மகளுக்கு எக்ஸைத் தருகிறார். மகனுக்கு ஒய்யைத் தருகிறார். எனவே எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எந்தக் குறையும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போக வழியே இல்லை. மகள் அதைப் பெற்றாலும், தாயிடமிருந்து வந்த மற்றோர் எக்ஸ் அவளைக் காப்பாற்றிவிடுகிறது. அவளுடைய மகனுக்கோ அந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எந்த எக்ஸ் கிடைக்கிறதோ அதுவே அவன் பங்கு, மாற்று கிடையாது. ஸிந்துக் குடும்பத்தின் புதிர் இவ்வளவுதான்.

யாருக்கு வரும் என்பது தெரிந்தது. ஆனால் ஒரே குறை ஏன் பல்லையும் வியர்வைச் சுரப்பியையும் சேர்த்துத் தாக்க வேண்டும்? அதற்கு விடை சொன்னது சுண்டெலி.

நம் வீட்டு அரிசிப் பானையைக் குடைகிற அதே சுண்டெலியின் இனம்தான் விஞ்ஞானக் கூடங்களில் வெள்ளை எலியாக வளர்கிறது. அதன் வாயில் மொத்தம் 16 பற்கள். ஒவ்வொரு தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் முன்னால் ஒரு வெட்டுப்பல், பின்னால் மூன்று கடைவாய்ப்பற்கள், நடுவே வெறும் இடைவெளி. கோரைப்பல் கிடையாது, பால்பல் விழுந்து முளைப்பதும் கிடையாது. தாயின் வயிற்றில் ஏறக்குறைய 20 நாட்களே இருக்கிறது. ஆகவே பல் உருவாவதை நாள்தோறும் பார்க்க அதைவிட வசதியான பிராணி இல்லை.

எலிக்கரு 11 நாள் வயதை அடையும்போது தாடையின் மேல்தோல் ஓரிடத்தில் தடிக்கிறது. இரண்டொரு நாளில் அந்தத் தடிப்பு கீழே உள்ள சதைக்குள் ஒரு மொட்டைப் போல இறங்குகிறது. பிறகு மொட்டு தொப்பி வடிவம் பெற்று, அதற்குப் பின் கோயில் மணி போலக் கவிழ்கிறது. மணியின் உட்பக்கம் எந்த வடிவமோ அதுவே பல்லின் தலைப்பகுதி. மேல்தோல் அணுக்கள் எனாமலை உண்டாக்கும். அடியிலுள்ள சதை அணுக்கள் டென்டைன் என்ற பல்லெலும்பை உண்டாக்கும். எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள்.

இந்த இரண்டு அடுக்குகளில் எஜமான் யார், வேலைக்காரன் யார்? அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான கோலர், பெயர்ட் இருவரும் 1970ஆம் ஆண்டை ஒட்டி இதைச் சோதித்தனர். எலிக்கருவின் பல்மொட்டிலிருந்து இரண்டு அடுக்குகளையும் பிரித்து, மாற்றிப் பொருத்தினார்கள். வெட்டுப்பல்லின் அடிச்சதையைக் கடைவாய்ப்பல்லின் மேல்தோலோடு சேர்த்தால், வளர்ந்தது வெட்டுப்பல்! இன்னும் ஒருபடி மேலே போய், எலிக்கருவின் உள்ளங்கால் தோலைப் பல்லின் அடிச்சதை மேல் வைத்தார்கள். காலில் கிடக்க வேண்டிய தோல் எனாமல் கட்டி, அங்கே ஒரு பல் உருவாயிற்று. பின்னர் 1980களில் செய்த சோதனைகள் கதையின் முன்பாதியைக் காட்டின. முதல் கட்டளை மேல்தோலிலிருந்துதான் புறப்படுகிறது. 12ஆம் நாளை ஒட்டி அதிகாரம் அடிச்சதைக்குக் கைமாறுகிறது. அதற்குப் பின் இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொண்டே பல்லைக் கட்டுகின்றன. எஜமான் வேலைக்காரன் என்ற நம் கேள்வியே அவ்வளவு பொருத்தமாக இல்லை. தாளம் போடுகிறவரும் பாடுகிறவரும் போல என்று சொல்லலாம்.

இந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது? அதுதான் ஜீன்களின் வேலை. ஒவ்வோர் அணுவிலும் எல்லா ஜீன்களும் இருக்கின்றன. எது எப்போது விழிக்கிறது, எப்போது உறங்குகிறது என்பதில்தான் பல்லும் நகமும் வேறுபடுகின்றன. உப்பளத்தில் கடல்நீரை முதல் தெப்பத்திலிருந்து அடுத்ததற்கும், அதிலிருந்து உப்புப் பாத்திக்கும் எப்போது திறந்துவிடுவது என்று மடை திறப்பவருக்குத் தெரியும். முந்தினாலும் கெடும், பிந்தினாலும் கெடும். சில ஜீன்கள் அப்படி மடை திறப்பவை. எம்எஸ்எக்ஸ்1 என்ற ஜீனை நீக்கிய எலிகளில் பற்கள் மொட்டு நிலையிலேயே நின்றுவிட்டன. இது 1994ஆம் ஆண்டுச் செய்தி. பாக்ஸ்9 என்ற ஜீனை நீக்கியபோதும் அப்படியே நின்றது 1998ல் தெரிந்தது. மனிதரிலும் இதே ஜீன்கள் பழுதடைந்த குடும்பங்களை 1996லும் 2000லும் கண்டுபிடித்தார்கள். எலிகளில் இரண்டு பிரதிகளையும் நீக்கியதால் பற்களே இல்லை. மனிதரில் பெரும்பாலும் ஒரு பிரதி மட்டும் பழுதாவதால் சில பற்கள் மட்டும் வருவதில்லை. பாக்ஸ்9 பழுதானால் முக்கியமாகக் கடைவாய்ப் பற்கள் குறைகின்றன. இவை போல, பல் உருவாகும்போது வேலை செய்யும் ஜீன்கள் 300க்கும் மேற்பட்டவை.

இனி நம் ஸிந்துக் குடும்பத்திற்கு வருவோம். எடின்பரோவில் பால்கனர் என்ற விஞ்ஞானி 1952ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான எலி இனத்தை விவரித்தார். ஆண் எலிகளுக்குக் காதின் பின்னால் மயிரில்லை, வால் வழுக்கை, பற்கள் சிறுத்திருந்தன, மூன்றாம் கடைவாய்ப்பல் பல எலிகளில் இல்லவே இல்லை. எலிக்கு வியர்வைச் சுரப்பி பாதங்களின் அடியில் மட்டுமே உண்டு. பின்னால் பார்த்தபோது இவற்றுக்கு அதுவும் இல்லை. பெண் எலிகளின் முதுகிலோ பூனைக்கு இருப்பது போல வரி வரியாகக் கோடுகள். அதனால் இந்த இனத்திற்கு ‘டாபி’ என்று பெயர். ஆங்கிலத்தில் வரிப்பூனைக்கு வழங்கும் பெயர் அது. குறை எக்ஸ் குரோமோசோமில் இருந்தது. டார்வின் சொன்ன குடும்பமே எலி உருவில் வந்தது போல் இல்லையா?

அது வெறும் ஒப்புமை அன்று என்பது பின்னால் உறுதியாயிற்று. மனிதரில் இக்குறைக்குக் காரணமான ஜீனை 1996ல் கண்டார்கள். அதற்கு இ.டி.ஏ. என்று பெயர். மறு ஆண்டே டாபி எலியில் பழுதானதும் அதே ஜீன்தான் என்று தெரிந்தது. இந்த ஜீன் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்குப் போகும் கடிதம் போன்றது. கடிதம் இருந்தால் மட்டும் போதுமா? வாங்கிக்கொள்ள ஒரு தபால் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குரிய ஜீன் வேறொரு குரோமோசோமில் இருக்கிறது; அது 1999ல் தெரிந்தது. கடிதம் எழுதப்படாவிட்டாலும், பெட்டி இல்லாவிட்டாலும் விளைவு ஒன்றுதான்: செய்தி போய்ச் சேராது. பெட்டி கெட்ட எலியும் டாபி எலியைப் போலவே தோற்றமளிக்கிறது. மனிதரில் பெட்டியின் ஜீன் கெட்டால், பெண் குழந்தைகளும் ஆண் குழந்தைகளைப் போலவே முழுமையாகப் பாதிக்கப்படலாம்.

பல், மயிர், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் கருவில் ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன. மேல்தோல் தடித்து, மொட்டாகி, உள்ளே இறங்க வேண்டும். “இங்கே ஒரு மொட்டு வை” என்னும் செய்தியை மூன்று இடத்திலும் கொண்டுபோவது இந்த இ.டி.ஏ. கடிதம்தான். தபால் நின்றுபோனால் மூன்று வேலையும் தடுமாறுகின்றன. முதலில் நாம் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

பல்லின் வேரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதியில் நிற்கும். பல்லின் தலைப்பகுதி முடிந்த பிறகே வேர் தொடங்குகிறது. எனாமல் கட்டிய மேல்தோலின் விளிம்பு இரண்டு அடுக்காக ஒட்டி, தாடைக்குள் ஓர் உறையைப் போல நீளுகிறது. இதற்கு ஹெர்ட்விக் உறை என்று பெயர். உறை போகும் வழியே டென்டைன் படிந்து வேர் நீளும். உறையின் அடிவாய் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு வேர், மூன்றாகப் பிரிந்தால் மூன்று வேர். மனிதரில் நிரந்தரப் பல் ஈற்றைக் கிழித்து வெளியே வரும்போது அதன் வேர் இன்னும் முடிந்திருக்காது. முடிய மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்று எண்ணிப் பெற்றோர் கவனிக்காமல் விடுவதைச் சொல்லத்தான் வேண்டும். அது விழுந்து முளைக்கிற பல் அன்று.

வேருக்கென்று தனியாகவே ஜீன் கட்டளை உண்டு என்பதை 2003ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று காட்டியது. என்.எஃப்.ஐ.சி. என்ற ஜீனை நீக்கிய எலிகளுக்குக் கடைவாய்ப் பற்களின் தலை நன்றாகவே அமைந்தது. வேர் மட்டும் வளரவில்லை. அஸ்திவாரமில்லாத வீடு போல அந்தப் பற்கள் ஆடின. எலியின் முன்பல்லோ இதற்கு நேர்மாறு. அது வேர் கட்டி முடிப்பதே இல்லை. அடியில் உள்ள அணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிய பல்லை உண்டாக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தேய்க்கவே எலி ஓயாமல் கொறிக்கிறது. நம் புத்தகப் பெட்டிகளை அது நாசம் செய்வதற்கு இதை ஒரு மன்னிப்பாக ஏற்க வேண்டியதில்லை! டாபி எலிகளிலும் வேர் சரியாக அமைவதில்லை. கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரிய வேண்டிய இடத்தில் பிரியாமல், உடல் நீண்டு தாழப் போய்ப் பிரிகின்றன. சிலவற்றில் வேரின் எண்ணிக்கையே குறைகிறது. இப்படிப்பட்ட பல்லை மருத்துவர்கள் ‘காளைப்பல்’ என்கிறார்கள். இ.டி.ஏ. குறையுள்ள மனிதரின் எக்ஸ்ரே படங்களிலும் இதைக் காணலாம்.

இப்போது டாபி பெண் எலியின் முதுகுக் கோடுகளைப் பார்ப்போம். மாணவிகளே, இந்தப் பகுதி சிறப்பாக உங்களுக்குரியது. இங்கிலாந்தில் எலிகளின் மரபியலை ஆராய்ந்த மேரி லையன் என்ற பெண் விஞ்ஞானி, 1961ஆம் ஆண்டு ஒரு கருத்தை வெளியிட்டார். பெண்ணின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸ் இருந்தாலும், கருவின் தொடக்கத்திலேயே அவற்றில் ஒன்று உறங்கிப்போகிறது. சில அணுக்களில் தாய் தந்த எக்ஸ் உறங்கும். சிலவற்றில் தந்தை தந்தது உறங்கும். அந்த அணுவிலிருந்து பிறக்கும் அணுக்களும் அதையே பின்பற்றும். ஆகவே பெண்ணுடல் இரண்டு நூலால் நெய்த சேலையைப் போன்றது. டாபி எலியின் முதுகில் அந்த நெசவு கண்ணுக்கே தெரிகிறது.

நம் பெண்களிடமும் இதைக் காண முடியும். குறையுள்ள ஜீனை ஓர் எக்ஸில் சுமக்கும் தாயின் முதுகில் அயோடின் தடவி, மாவுப்பொருளைத் தூவி, உடல் வெதுவெதுப்பாகும்படி வைத்தால், வியர்வை வரும் இடமெல்லாம் கருநீலமாகும். சோற்றுக் கஞ்சியில் அயோடின் விட்டு நம் சோதனைச்சாலையில் பார்க்கிறோமே, அதே நிறம்தான். வியர்வையில்லாத இடங்கள் நிறம் மாறாமல் வரி வரியாக நிற்கும். இத்தகைய தாய்மாரில் பலருக்கு ஒரு பல் கூராகவோ, இரண்டொரு பல் இல்லாமலோ இருப்பதுண்டு. டார்வினுக்குச் செய்தி அனுப்பியவர் ஆண்களின் வாயைப் பார்த்த அளவு பெண்களின் வாயைக் கூர்ந்து பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இதைத் தாய்மாரைக் குற்றம் சொல்ல ஒரு சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைக்கு ஒரு குறை என்றால், “கிரகணத்தன்று வெளியே வந்தாள், கர்ப்பத்தில் ஆகாததைத் தின்றாள்” என்று வீட்டுக்கு வந்த மருமகளைத் தூற்றும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் மறையவில்லை. அவள் உண்டதற்கும் உடுத்ததற்கும் இதில் தொடர்பே இல்லை. எந்த எக்ஸை மகனுக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கிற உரிமையும் அவளுக்கில்லை; நாணயத்தைச் சுண்டிப் போடுவது போலத்தான், பாதிக்குப் பாதி. பழுது அவளிடம் வந்ததும் பல சமயங்களில் அவளுடைய தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோதான். சில சமயம் யாரிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றும்.

ஒரு பல் முளைக்கவில்லை என்றதும் இந்தக் குறை என்று பயப்பட வேண்டாம். ஞானப்பல் முளைக்காதவர்கள் ஏராளம். மேல் முன்பற்களில் ஒன்று குறைந்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் கைக்குழந்தைக்குக் கோடையில் காரணமின்றி அடிக்கடி காய்ச்சல் அடித்து, மயிரும் மெல்லியதாக இருந்து, பல் வரக் காலம் தாழ்ந்தால், மருத்துவரிடம் இம்மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனி மருந்துதான் கிடைக்கும். மூன்று நான்கு வயதிலேயே இக்குழந்தைகளுக்குச் சிறிய பல்செட் கட்டித் தர முடியும்; தாடை வளர வளர மாற்றிக்கொள்ள வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல்லிருந்தால் சோறு இறங்கும், சொல்லும் தெளியும், வகுப்பில் சிரிக்கவும் கூச்சமிராது.

வெயிலுக்கு வழி இன்னும் எளியது. வியர்வை தராத உடலுக்கு நாமே வியர்வையைத் தரலாம். சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு காற்றுப்படும் நிழலில் உட்கார்ந்தால், தோலின் மேல் நீர் ஆவியாகி உடல் குளிரும். பள்ளியில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், பாடம் நடக்கும்போதே எழுந்து போய் முகம் கழுவவும் சட்டையை நனைக்கவும் விட வேண்டும். உச்சி வேளையில் மைதானத்தில் நிறுத்தக் கூடாது. குறும்பு என்று எண்ணித் தண்டிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இப்போது விளங்கும்.

மருந்தே கிடையாதா என்று கேட்பீர்கள். இதிலும் எலிதான் முந்திக்கொண்டது. டாபி எலி கருவுற்றிருக்கும்போது, இல்லாத அந்தப் புரதத்தைச் செயற்கையாகச் செய்து தாய்க்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகளுக்கு மயிரும் பல்லும் வியர்வைச் சுரப்பியும் பெரும்பாலும் சரியாக அமைந்தன. இது 2003ஆம் ஆண்டு. ஜெர்மனியில் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் தாயின் வயிற்றிலிருந்த இரட்டைக் குழந்தைகளைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரில் இப்புரதத்தைச் செலுத்தி, அதன் பலனை 2018ல் வெளியிட்டார்கள். அக்குழந்தைகளுக்கு இயல்பாக வியர்த்தது; பல்மொட்டுகளும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தன. எல்லோருக்கும் கிடைக்கும் சிகிச்சையாக இது இன்னும் ஆகிவிடவில்லை. பிறந்த பிறகு அதே மருந்தைக் கொடுத்தபோது அத்தகைய பலன் கிட்டவில்லை. மொட்டு வைக்கும் பருவம் அதற்குள் கடந்துவிடுகிறது.